மெய் குறைந்த வரி

பாட்டுக்காரர் பதினேழு பேர் என் வீட்டில் இறங்கியிருந்தார்கள்.
படுக்கை ஆறு.
மற்றவர் வைக்கோலில். யாழ்களோ என் கட்டிலில்:
ஈரம் பட்டால் குதிரைமயிர் நரம்பு தொய்ந்துவிடுமாம்.
எனக்குத் தொய்வதற்கு ஒன்றுமில்லை என்று
அவர்களே முடிவுசெய்துவிட்டார்கள்.

சந்தைக் கம்பத்தில் ராணியின் ஆணை அறைந்திருந்தது.
தேறியவனுக்கு முத்திரையிட்ட சீட்டு.
தேறாதவன் ஏர் பிடிக்கலாம், கல் உடைக்கலாம்;
வாசல் வாசலாய்ப் பாடப் போனால்
நாடோடி என்று கட்டிவைத்து அடிப்பார்கள்.
எங்கள் மொழியில் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாதவன்
எழுதிய ஆணை அது
என்றான் கதூகன். அப்போது நான்காவது குவளை.

நான் கெனெரிஸ். எழுத்தறியேன்.
அடுப்படிக் கதவில் சுண்ணக்கோடு போடுவேன்,
இடப்பக்கம் குடித்தது, வலப்பக்கம் கொடுத்தது.
இரண்டும் ஒத்துவந்தால் துடைத்துவிடுவேன்.

அவர்கள் பாட்டும் அதே கணக்குதான்.
சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்தே புரிந்துகொண்டேன்.
வரியின் முன்பாதியில் வந்த மெய்யெல்லாம்
பின்பாதியிலும் வந்தாகவேண்டும், அதே வரிசையில்.
உயிர் எப்படியும் மாறலாம்.
மெய் தவறக்கூடாது.

இத்தெல் ஒன்பது ஆண்டு படித்தவன்,
இருபத்துநான்கு யாப்பும் மனப்பாடம்,
எனக்கு மூன்று பென்னி பாக்கி.
அன்றிரவு முற்றத்தில் நடந்துகொண்டே
ஆற்றங்கரை நாரையைப் பற்றிய ஒரே வரியை
நாற்பது முறை சொன்னான்.
நாற்பது முறையும்
இருட்டில் இல்லாத படியில் கால் வைத்ததுபோல்
எனக்குத் தூக்கிப்போட்டது.
பின்பாதியில் ஒரு ரகரம் இல்லை.

சொல்லியிருக்கலாம்.
மூன்று பென்னி பாக்கி என்பதால் சொல்லவில்லையா,
யாரும் கேட்கவில்லை என்பதாலா,
அடுப்பில் ஓட்ஸ் ரொட்டி கருகியதாலா,
இன்றுவரை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

மன்றத்துக்குள் பெண்கள் போகக்கூடாது.
பீர் ஜாடி போகலாம்; ஜாடியோடு நானும்.
மேசைமேல் வெள்ளி நாற்காலி இருந்தது,
ஒரு தவளை உட்காரலாம், அவ்வளவுதான்.
அதற்காகவா மலை தாண்டி வந்தார்கள் இத்தனை பேர்!
இத்தெல் எழுந்தான். குரல் நன்றாகத்தான் இருந்தது.
நாரை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
ஐந்து நடுவர்களில் ஒருவர்
பேன் நசுக்குவதுபோல் கட்டைவிரலை மேசையில் அழுத்தினார்.
அவ்வளவுதான், அடுத்தவன் எழுந்துவிட்டான்.

இரவு என் வீடு இரைந்தது.
வென்ற ஐனியன் நாற்காலியைத் தோளில் குத்திக்கொண்டு
யார் கணக்கில் என்று சொல்லாமலே எல்லாருக்கும் ஊற்றச் சொன்னான்.
இத்தெல் பின்வாசலில் வந்து தண்ணீர் கேட்டான்.
கொடுத்தேன். வாய் தவறி,
"ரகரம்" என்றேன்.

வீட்டு நாய் பேசியதுபோல் பார்த்தான்.
பிறகு உதடு அசைய மெல்ல எண்ணினான்,
முன்பாதி, பின்பாதி.
"எப்போதிலிருந்து தெரியும்?"
"நேற்று ராத்திரியிலிருந்து."
தண்ணீரைக் குடித்தான். இன்னொரு குவளை கேட்டான்.
அதையும் குடித்தான்.

விடியுமுன் போய்விட்டான்.
யாழை எடுத்துக்கொண்டு, முறுக்காணியை என் தலையணையடியில் மறந்துவிட்டு.

மேற்கே ஒரு கல்யாணத்தில் பாடினானாம்,
அந்த வரி சரியாக இருந்ததாம்,
கான்ஸ்டபிள் கண்டும் காணாமல் போனாராம்.
இல்லை, சாட்டையடி பட்டானாம், ரிதினில்,
சந்தை நாளில்.
ஆளுக்கொன்று சொல்கிறார்கள்,
குடிக்கிறவர்கள்தானே.

பெருக்கும்போது நானும் அதைச் சொல்வதுண்டு,
என் ரகரத்தோடு.
நாரை அசையாமல் நிற்கிறது.

கதவில் அவன் பெயருக்கு இடப்பக்கம் மூன்று கோடு.
அன்று காலை பார்த்தால்
வலப்பக்கமும் மூன்று, கோணல்மாணலாய்,
என் சுண்ணத்தாலேயே.
கணக்கு ஒத்துவருகிறது.
காசு வரவில்லை.
துடைக்கவும் இல்லை நான்.